பித்தக்குழாய் ஸ்டென்ட்: வீட்டில் இருப்பவர் பார்க்க வேண்டியது

மஞ்சள்காமாலை என்று ஆஸ்பத்திரிக்குப் போய், பித்தக்குழாயில் அடைப்பு என்று தெரிந்து, எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பியவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அல்லது சீக்கிரமே அப்படி ஒரு சிகிச்சைக்கு யாரையாவது அழைத்துப்போகப் போகிறீர்களா? இந்தப் பதிவு உங்களுக்காகத்தான். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படித்துவிட்டு, வீட்டில் நோயாளியோடு பகலும் இரவும் இருக்கப்போகிறவர் யாரோ அவரிடமும் காட்டுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு ஒரு சிலருக்கு ரத்தக்கசிவு வரும். அப்படி வருகிறவர்களில் பலருக்கு அது ஆஸ்பத்திரிக் கட்டிலில் வராது. வீட்டுக்கு வந்து, கஞ்சியிலிருந்து சோற்றுக்கு மாறி, பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு வரும். பெரும்பாலும் வலிக்காது, வெளியே ஒரு சொட்டு ரத்தமும் தெரியாது. அதை முதலில் பார்க்கப்போவது டாக்டர் இல்லை. வீட்டில் இருக்கிற நீங்கள்தான்.

நான் மருந்தாளுநர். கும்பகோணம் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அப்பாவுக்குப் பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, "ஸ்டென்ட் வெச்சா ஆஸ்பிரின் போடணுமாமே, பக்கத்து வீட்ல சொன்னாங்க" என்று மாத்திரை வாங்க வந்த மகனை நானே பார்த்திருக்கிறேன். இதயத்தில் வைக்கிற ஸ்டென்டுக்குத்தான் அந்த மாத்திரை. பித்தக்குழாயில் ஓடுவது ரத்தம் இல்லை, பித்தநீர். அதற்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எதுவும் தேவையே இல்லை. தேவையில்லாமல் போட்டால் கசிவுக்கு நாமே வழி செய்து கொடுத்ததாகிவிடும். அந்த மகனை உட்கார வைத்துப் பேசி அனுப்பினேன். ஆனால் இதைப்பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது, என் பெரியம்மாவுக்கு நடந்ததைக் கூட இருந்து பார்த்த பிறகுதான்.

பெரியம்மாவுக்கு என்ன பிரச்சினை?

பெரியம்மாவுக்குச் சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதயத்தின் மைட்ரல் வால்வு கெட்டுப்போயிற்று. பல வருஷங்களுக்கு முன்பே உலோக வால்வு பொருத்திவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் ராத்திரி அசிட்ரோம் மாத்திரை. உலோக வால்வின்மேல் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க அது ஆயுளுக்கும் வேண்டும். ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து மாத்திரை அளவை ஏற்றி இறக்குவது அவர் வாழ்க்கையின் ஒரு பகுதி.

அப்படிப்பட்டவருக்குத்தான் கண்ணில் மஞ்சள் ஏறியது. உடம்பெல்லாம் அரிப்பு, ராத்திரி தூக்கமில்லை. சிறுநீர் அடர்ந்த பழுப்பு. மலம் வெளிறிப்போய்க் களிமண் நிறம். ஊரில் வழக்கம்போல் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாம் என்றார்கள். இந்த இடத்தில் ஒரு வார்த்தை. மலம் வெளுத்துப்போய், அரிப்போடு வரும் காமாலை பெரும்பாலும் குழாய் அடைப்பால் வருவது. உள்ளே கல்லோ கட்டியோ இருக்கும்போது எந்தப் பச்சிலையும் அதை நகர்த்தாது. ஸ்கேன் எடுத்தபோது பெரியம்மாவின் பித்தக்குழாயில் கற்கள் இருந்தன.

உள்ளே செய்வது என்ன?

கல்லீரல் தினமும் அரை லிட்டருக்கு மேல் பித்தநீரைச் சுரக்கிறது. அது ஒரு குழாய் வழியே இறங்கி, இரைப்பையை அடுத்து வரும் முன்சிறுகுடலில் ஒரு சின்ன முகட்டின் வழியாகத் திறக்கிறது. அந்த வாசலை ஒரு தசைவளையம் மூடித் திறக்கும். இத்தாலியரான ருஜெரோ ஓடி 1887-ல் அதை விவரித்ததால் அவர் பெயரிலேயே அதை அழைக்கிறார்கள்.

டாக்டர்கள் சொல்கிற இ.ஆர்.சி.பி. என்பது, வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, அந்த வாசலைக் கண்டுபிடித்து, அதற்குள் மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே செய்யும் சிகிச்சை. 1968-ல் அமெரிக்காவில் வில்லியம் மக்யூன் குழுவினர் இந்த வழியாக மருந்து செலுத்திப் படம் எடுத்துக் காட்டினார்கள். 1974-ல் ஜெர்மனியின் எர்லாங்கனிலும் ஜப்பானின் கியோட்டோவிலும், ஒருவரை ஒருவர் சாராமல், அந்தத் தசைவளையத்தை மின்சாரக் கம்பியால் வெட்டித் திறக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இந்தோனேசியாவில் பிறந்து ஹாம்பர்க்கில் பணியாற்றிய நிப் ஸோஹென்ட்ரா 1979-ல் எண்டோஸ்கோப் வழியாகவே பித்தக்குழாய்க்குள் பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்ததை வெளியிட்டார். அதற்கு முன்பெல்லாம் இந்த அடைப்புக்குப் பெரும்பாலும் வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. எத்தனையோ வயதானவர்களை அறுவைசிகிச்சையிலிருந்து காப்பாற்றிய சிகிச்சை இது. ரத்தக்கசிவைப் பற்றி எழுதுவதால் இதைக் கண்டு பயந்து ஓடுங்கள் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அடைப்பை எடுக்காமல் விட்டால் பித்தக்குழாயில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகும்.

பிளாஸ்டிக் ஸ்டென்டில் பெரியது என்று வழக்கமாக வைப்பது சுமார் 3.3 மில்லிமீட்டர் விட்டம்தான். இரண்டு மூன்று மாதத்தில் அதில் பித்தக்கசடு சேர்ந்து அடைக்க ஆரம்பிக்கும் என்பதால் பொதுவாக மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். உலோக வலை ஸ்டென்ட் உள்ளே போய் விரிந்து 10 மில்லிமீட்டர் வரை அகலும். அது அதிக நாள் தாங்கும். புற்றுநோய்க் கட்டி குழாயை அழுத்தும்போது பெரும்பாலும் அதைத்தான் வைக்கிறார்கள்.

ரத்தம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் ஸ்டென்டிலிருந்து இல்லை. ஸ்டென்ட் போவதற்கு வழி செய்த வெட்டிலிருந்து. அந்த வாசலைச் சுற்றி ரத்தக்குழாய்கள் நிறைய. எண்டோஸ்கோப்பில் பார்க்கும்போது கடிகார முகத்தில் 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் வருகிற திசையில்தான் வெட்டுவார்கள். அந்தப் பக்கம் பெரிய ரத்தக்குழாய்கள் பொதுவாகக் குறைவு. ஆனாலும் எல்லார் உடம்பிலும் ரத்தக்குழாய்கள் ஒரே வழியில் போவதில்லை.

வெட்டும்போதே ரத்தம் வந்தால் டாக்டர் கண்ணுக்கு எதிரே வருகிறது, அங்கேயே நிறுத்திவிடுவார். சிக்கல் தாமதமாக வருகிற கசிவில்தான். மின்சாரம் சுட்ட இடத்தில் பொருக்கு கட்டும். அது சில நாளில் உதிரும்போது அடியில் இருக்கிற ரத்தக்குழாய் திறந்துகொள்ளலாம். ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் வரைகூட இது நடக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புவதோ பெரும்பாலும் மறுநாள் அல்லது அதற்கு அடுத்த நாள்.

எத்தனை பேருக்கு வரும்? 1996-ல் மார்ட்டின் ஃப்ரீமன் குழுவினர் 17 மருத்துவமனைகளில் இந்த வெட்டு செய்துகொண்ட 2,347 பேரைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுவது. அதில் ரத்தக்கசிவு 2 சதவீதம். கணைய அழற்சி 5.4 சதவீதம். நூற்றில் இரண்டு என்றால் குறைவுதான். ஆனால் அந்த இரண்டு பேர் யாராக இருக்கக்கூடும் என்பதையும் அதே ஆய்வு சொன்னது. முன்பே ரத்தம் உறைவதில் கோளாறு இருப்பவர்கள், பித்தக்குழாயில் ஏற்கெனவே தொற்று உள்ளவர்கள், வெட்டும்போதே ரத்தம் கசிந்தவர்கள், வெட்டிய மூன்று நாளுக்குள் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைத் திரும்பத் தொடங்கியவர்கள். இந்தச் சிகிச்சையை எப்போதாவது மட்டும் செய்கிற டாக்டரிடம் போனவர்களுக்கும் ஆபத்து கூடுதலாக இருந்தது. ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களுக்கு ஆபத்து கூடவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது.

காமாலையும் ரத்தமும்

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அடைப்புக் காமாலை உள்ளவருக்கு, எந்த மாத்திரையும் சாப்பிடாமலே ரத்தம் உறைவது மந்தமாகிவிடும்.

காரணம் வைட்டமின் கே. டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் டாம் கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பு நீக்கிய தீவனம் கொடுத்து வேறு எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். குஞ்சுகளுக்கு உடம்பில் அங்கங்கே ரத்தம் கசிந்தது. அந்தக் கசிவுக்குக் காரணம் தேடிப்போய்க் கண்டுபிடித்ததுதான் இந்த வைட்டமின். அதன் வேதி அமைப்பைக் கண்டறிந்த எட்வர்ட் டாய்சியோடு சேர்த்து அவருக்கு 1943-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இது கொழுப்பில் கரையும் வைட்டமின். குடலில் உறிஞ்சப்பட வேண்டுமானால் பித்தநீர் வேண்டும். குழாய் அடைத்துப் பித்தநீர் குடலுக்கே வராதபோது, தட்டு நிறைய முருங்கைக்கீரை சாப்பிட்டாலும் அதிலுள்ள வைட்டமின் கே உடம்பில் சேராது. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் நான்கைக் கல்லீரல் சரியாகத் தயாரிக்க இந்த வைட்டமின் தேவை. 1930-களின் இறுதிவரை காமாலை நோயாளிக்குக் கத்தி வைக்கவே அறுவை மருத்துவர்கள் அஞ்சியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அதனால்தான் சிகிச்சைக்கு முன் ஐ.என்.ஆர். பார்க்கிறார்கள். சாதாரணமாக அது 1-ஐ ஒட்டி இருக்கும். கூடியிருந்தால் வைட்டமின் கே ஊசி போடுவார்கள். வாய்வழி மாத்திரை இந்த நிலையில் சரியாக உறிஞ்சப்படாது, அதனால் ஊசி. போட்டதும் வேலை செய்துவிடாது, பல மணி நேரம் ஆகும். "காலையில் ஊசி போட்டுவிட்டு ஏன் நாளைக்குத்தான் செய்கிறோம் என்கிறார்கள்" என்று யாராவது அலுத்துக்கொண்டால், காரணம் இதுதான்.

நிறுத்தினாலும் ஆபத்து, தொடர்ந்தாலும் ஆபத்து

பெரியம்மாவின் நிலைமையை இப்போது யோசித்துப் பாருங்கள். அசிட்ரோமை நிறுத்தாவிட்டால் வெட்டிய இடத்தில் ரத்தம் நிற்காது. நிறுத்தினால் வால்வில் கட்டி உருவாகி, அது மூளைக்குப் போனால் பக்கவாதம். உலோக மைட்ரல் வால்வு உள்ளவருக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். வெட்டு வைக்க அது 1.5-க்குக் கீழே வர வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் ஒரே உடம்பில் முடியாது.

இதற்குத்தான் இதய டாக்டரும் கேஸ்ட்ரோ டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசியாக வேண்டும். பெரியம்மாவுக்கு அவர்கள் பேசினார்கள். சில நாள் முன்பே அசிட்ரோமை நிறுத்தி, இடைப்பட்ட நாளில் ஹெப்பாரின் வகை ஊசியை வயிற்றுத் தோலுக்கடியில் போட்டு, அதையும் சிகிச்சைக்கு உரிய நேரம் முன்னதாக நிறுத்தினார்கள். இது எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்லை. ஆஸ்பிரினை மட்டும் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை. குளோபிடோக்ரல் போன்றவற்றை இதய டாக்டர் சம்மதித்தால் 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்துவார்கள். புதிதாக வந்திருக்கும் அபிக்ஸாபன், ரிவராக்ஸபன் போன்றவற்றுக்கு இன்னும் குறைந்த நாள் போதும். ஆனால் அண்மையில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக மாத்திரையை நிறுத்தினால் மாரடைப்பே வரலாம். மருந்துக்கடையில் இருப்பவள் என்ற உரிமையில் கெஞ்சிக் கேட்கிறேன்: நிறுத்துவதும் தொடங்குவதும் டாக்டர் சொல்லி மட்டும்.

நிறுத்தவே முடியாதவர், காய்ச்சலும் குளிருமாக அவசரத்தில் வருகிறவர், இவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. வெட்டாமலே ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்டை மட்டும் உள்ளே தள்ளிப் பித்தநீரை வடியவிட்டு, ஆபத்தைக் கடந்த பிறகு, மருந்துகளைச் சரிசெய்துகொண்டு, கல்லை எடுக்க இன்னொரு தடவை வரச் சொல்வார்கள். வெட்டில்லாமல் ஸ்டென்ட் மட்டும் வைப்பது ரத்தக்கசிவைப் பொறுத்தவரை ஆபத்துக் குறைந்த வகை. "ரெண்டு தடவை பண்ணச் சொல்றாங்களே, காசுக்காகவோ" என்று உடனே சந்தேகப்படாதீர்கள். அந்த இரண்டு தடவையில் ஒரு நியாயம் இருக்கலாம்.

பெரியம்மாவுக்கு வெட்டி, எடுக்க முடிந்த கற்களை எடுத்து, மீதிக்காக ஸ்டென்ட் வைத்தார்கள். சிறுநீர் தெளிந்தது, அரிப்பு அடங்கியது, மலம் மஞ்சள் நிறத்துக்குத் திரும்பியது. அசிட்ரோமைத் திரும்பத் தொடங்கச் சொல்லி, ஆன்டிபயாட்டிக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள்.

அண்ணி பார்த்தது

வீடு திரும்பி ஒரு வாரம் ஆகவில்லை. இரவு அண்ணி போன் செய்தார். பெரியப்பா மகனின் மனைவி அவர். அண்ணன் திருப்பூரில் வேலையில் இருக்கிறார், வீட்டில் எல்லாம் அண்ணிதான்.

"அத்தைக்கு ரெண்டு தடவை கறுப்பாப் போயிருக்கு. கேட்டா, இரும்பு மாத்திரைக்கு அப்படித்தான் போகும்னு நர்சம்மா சொன்னாங்களேங்கறாங்க. ஆனா தண்ணி ஊத்த ஊத்தப் போக மாட்டேங்குது, தாராட்டம் ஒட்டிக்கிட்டு நிக்குது. வாடையும் வேற மாதிரி இருக்கு. எழுந்து நின்னா கண்ணை இருட்டுதாம். நீ என்ன சொல்ற?"

"இப்பவே கிளம்புங்க அண்ணி. விடியட்டும்னு இருக்க வேண்டாம். நானும் நேரா வந்துடறேன்."

பெரியம்மா கிளம்ப மறுத்தார். ராத்திரி நேரத்தில் எதற்கு எல்லாரையும் அலைக்கழிக்க வேண்டும் என்பது ஒன்று. மலத்தைப் பற்றி நாலு பேர் பேசுகிற கூச்சம் இன்னொன்று. நம் வீட்டுப் பெரியவர்கள் இந்தக் கூச்சத்திலேயே எத்தனையோ விஷயங்களை மூடி வைத்துவிடுகிறார்கள். "அத்தே, மானம் போவுதுன்னா எனக்குப் போவட்டும், நீங்க வண்டியில ஏறுங்க" என்று சொல்லி அண்ணி ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நாடி வேகம், ரத்த அழுத்தம் குறைவு. ஐ.என்.ஆர். இருக்க வேண்டியதைவிட நிறையக் கூடியிருந்தது. ஏன் என்று அங்கிருந்த டாக்டர் விளக்கினார். சில ஆன்டிபயாட்டிக்குகள், குறிப்பாக மெட்ரானிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை, அசிட்ரோமோடு சேரும்போது அதன் வேலையைப் பெருக்கிவிடும். பழைய அளவு மாத்திரையே அதிக அளவாகிவிடும். சாப்பாடு குறைந்திருந்ததும் சேர்ந்துகொண்டது. அதனால் இந்த இரண்டு மருந்தும் சேர்ந்து வீட்டுக்கு வரும்போது, ஐ.என்.ஆர். சில நாளிலேயே மறுபடி பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை என்ற பழைய வழக்கம் அப்போது போதாது.

பிளாஸ்மாவும் ரத்தமும் ஏற்றினார்கள். மறுபடி எண்டோஸ்கோப்பி. வெட்டிய இடத்தின்மேல் ரத்தக்கட்டி உட்கார்ந்திருந்ததாம். அதைக் கழுவி எடுத்து, நீர்த்த அட்ரினலின் ஊசி போட்டுச் சுருங்க வைத்து, கசிகிற புள்ளியில் உலோகக் கிளிப் வைத்தார்கள். கசிவு நின்றது. அதன்பிறகு வால்வுக்காக உடனே அசிட்ரோம் கொடுக்காமல், முதலில் நரம்பு வழியாக ஹெப்பாரின் சொட்டாகக் கொடுத்தார்கள். மறுபடி கசிந்தால் அதை நிறுத்திய சில மணி நேரத்தில் அதன் வேலை அடங்கிவிடும். அசிட்ரோமை அப்படி நினைத்த நேரத்தில் அடக்க முடியாது.

கிளிப்பிலும் நிற்காவிட்டால் அடுத்த வழிகள் உண்டு. மேலுறை போட்ட உலோக ஸ்டென்டை வைத்தால், அது உள்ளே விரிந்து கசியும் இடத்தையே அழுத்திப் பிடிக்கும். அதிலும் நிற்காதபோது, ஆஞ்சியோகிராம் செய்வதுபோல் தமனி வழியே போய் கசிகிற கிளையைச் சிறு உலோகச் சுருளால் அடைப்பார்கள். அறுவைசிகிச்சை வரை போவது இப்போது அரிது. சீக்கிரம் வந்தவருக்கு இத்தனை வழி இருக்கிறது.

கறுப்பை எப்படிப் பிரித்தறிவது?

காமாலையும் ஸ்டென்டும் உள்ள வீட்டில் மலத்தின் நிறத்தைப் பார்ப்பது தினசரி வேலையாக இருக்கட்டும். களிமண் நிறத்திலிருந்து மஞ்சள் பழுப்புக்கு மாறினால் ஸ்டென்ட் வேலை செய்கிறது. மறுபடி வெளுத்தால் ஸ்டென்ட் அடைத்திருக்கலாம். கறுத்தால் ரத்தமாக இருக்கலாம்.

முன்சிறுகுடலில் 50 முதல் 100 மில்லி ரத்தம் கசிந்தாலே மலம் கறுத்துவிடும். குடல் வழியாக வருவதற்குள் ரத்தம் செரிமானமாகி நிறம் மாறுகிறது. இரும்பு மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் அது பெரும்பாலும் கரும்பச்சை சாயலில், கட்டியாக இருக்கும், தண்ணீர் ஊற்றினால் போய்விடும். ரத்தம் கலந்தது பளபளவென்று, பிசுபிசுவென்று ஒட்டும். வாடை கடுமையாகத் தனித்துத் தெரியும். சந்தேகம் என்றால் ரத்தம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கசிவு மிக வேகமாக இருந்தால் கறுக்க நேரமே இல்லாமல் கருஞ்சிவப்பாகவே வரும். ரத்தமாகவோ காப்பித்தூள் நிறத்திலோ வாந்தியும் வரலாம்.

கூடவே பாருங்கள்: எழுந்தால் தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, முகம் வெளிறுதல், காரணமில்லாத களைப்பு, பிதற்றல். மெட்டோபிரலால் போன்ற இதய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடி வேகமாகாமலே இருக்கலாம், அதனால் நாடி சரியாக இருக்கிறது என்று ஆறுதல் அடையாதீர்கள்.

இன்னொன்று மிக முக்கியம். ரத்தம் போன முதல் சில மணி நேரத்தில் ஹீமோகுளோபின் எண் குறையாமலே இருக்கலாம். உடம்பு திசுக்களிலிருந்து நீரை இழுத்து ரத்தத்தை நிரப்பிய பிறகுதான் எண் இறங்கும். முதல் பரிசோதனை நன்றாக வந்துவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். "மறுபடி எப்போது பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். அதேபோல், கசிவு நின்ற பிறகும் குடலில் தங்கிய பழைய ரத்தம் சில நாள் கறுப்பாகப் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அரிதான, ஆனால் தெரிந்திருக்க வேண்டிய கசிவு

வாரங்கள், மாதங்கள் கழித்து வரும் கசிவும் உண்டு. பித்தக்குழாயை ஒட்டியே கல்லீரலுக்குப் போகும் தமனி ஓடுகிறது. ஸ்டென்ட் தொடர்ந்து உரசியோ, தொற்றாலோ, கட்டியாலோ அந்தத் தமனியின் சுவர் மெலிந்து புடைத்து, ஒருநாள் பித்தக்குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். அப்போது வயிற்றின் வலது மேற்பக்கம் வலி, மறுபடி காமாலை, ரத்தப்போக்கு மூன்றும் சேர்ந்து வரலாம். ஹைன்ரிக் குவின்கே 1871-லேயே இந்த மூன்றையும் சேர்த்து எழுதியிருக்கிறார். மூன்றும் ஒன்றாக வராமலும் இருக்கலாம். ரத்தக்கட்டி ஸ்டென்டையே அடைத்தால் குளிர்காய்ச்சலும் வரும். இதைக் கண்டுபிடிக்க சி.டி. ஆஞ்சியோகிராமும், நிறுத்த நான் மேலே சொன்ன உலோகச் சுருளும் உதவும். ஸ்டென்ட் நழுவி அதன் முனை எதிர்க் குடல்சுவரைக் குத்திப் புண்ணாக்குவதும் நடக்கிறது. ஸ்டென்டை உரிய நாளில் மாற்றவோ எடுக்கவோ வேண்டும் என்று சொல்வதற்கு அடைப்பு மட்டும் காரணமில்லை. அந்தத் தேதியை நாட்காட்டியில் இன்றே குறியுங்கள்.

அந்த ராத்திரி வந்தால்

- விடியும்வரை காத்திருக்க வேண்டாம். தலைசுற்றல் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். படுத்தபடியே அழைத்துப்போங்கள்.
- முடிந்தவரை சிகிச்சை செய்த அதே ஆஸ்பத்திரி. தொலைவு என்றால் எண்டோஸ்கோப்பியும் ரத்த வங்கியும் உள்ள அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரி.
- உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டியது: "இந்தத் தேதியில் இ.ஆர்.சி.பி. செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது கறுப்பாகப் போகிறது. இந்த மாத்திரைகள் சாப்பிடுகிறார்."
- டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை அட்டைகள் எல்லாம் கையில் இருக்கட்டும். செல்போனில் மலத்தைப் படம் எடுத்துக் காட்டுவதில் வெட்கமே வேண்டாம். டாக்டருக்கு அது உதவும்.
- சாப்பாடு, காபி, இளநீர் எதுவும் கொடுக்க வேண்டாம். எண்டோஸ்கோப்பி செய்ய வயிறு காலியாக இருக்க வேண்டும்.
- அடுத்த வேளை உறையாமலிருக்கும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.
- டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போட வேண்டாம். இது கசிவு இல்லாத நாட்களுக்கும் பொருந்தும்.

டிஸ்சார்ஜ் நேரத்தில்

பெரியம்மா இப்போது நன்றாக இருக்கிறார். மீதிக் கற்களை எடுத்து, ஸ்டென்டையும் எடுத்தாயிற்று. அவர் பிழைத்ததற்குக் கிளிப் வைத்த டாக்டர் எவ்வளவு காரணமோ அவ்வளவு அண்ணியும் காரணம். ஆனால் அண்ணியிடம் யாரும் எதையும் சொல்லி அனுப்பவில்லை. கவனிக்க வேண்டியது எல்லாம் டிஸ்சார்ஜ் தாளில் இருந்தது, ஆங்கிலத்தில், இரண்டாம் பக்கத்தின் அடியில். அவர் தன் கண்ணையும் புத்தியையும் நம்பிக் கண்டுபிடித்தார். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கும் என்று விட்டுவிட முடியாது.

எனவே வீட்டுக்குக் கிளம்பும் முன் நீங்களே கேளுங்கள். தசைவளையத்தை வெட்டினீர்களா, ஸ்டென்ட் மட்டும் வைத்தீர்களா? ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை எந்தத் தேதியில் தொடங்க வேண்டும், ஐ.என்.ஆர். எப்போது பார்க்க வேண்டும்? ஸ்டென்டை எப்போது எடுக்க வேண்டும்? ராத்திரியில் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும்? பதிலைத் தமிழில் எழுதி வாங்குங்கள். பணம் கட்டுகிறவரிடமோ கையெழுத்துப் போடுகிறவரிடமோ அந்தத் தாள் தங்கிவிடக் கூடாது. வீட்டில் கழிவறையைக் கழுவப்போகிறவரின் கைக்கு அது போய்ச் சேர வேண்டும்.

இதைப் படிக்கிற செவிலியர்கள், பயிற்சி டாக்டர்கள் யாராவது இருந்தால் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வார்டில் உங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை என்று தெரியும். இருந்தாலும் ஸ்டென்ட் வைத்தவரை அனுப்பும்போது, கூட நிற்கிற மருமகளையோ மகளையோ மனைவியையோ ஒரு நிமிஷம் தனியே கூப்பிட்டு, "ரெண்டு வாரத்துக்கு மலம் என்ன நிறம்னு தினமும் பாருங்க, தார் மாதிரி கறுப்பா ஒட்டினா அன்னிக்கே வந்துடுங்க" என்று சொல்லுங்கள். நூற்றில் தொண்ணூற்றெட்டு வீடுகளுக்கு அந்த வார்த்தை தேவைப்படாமலே போகும். மீதி இரண்டு வீடுகளில் அதற்கு ஈடாக வேறு எதுவும் இருக்காது.